சந்தனம் பூசிய மூக்கன்

சொந்த ஊர் எது என்று கேட்டால் அடுத்த திருவிழா நடக்கிற ஊரின் பெயரைச் சொல்லும் கூட்டம் ஒன்று, ராட்டினத்தையும் மரணக்கிணற்றையும் டெல்லி அப்பளக் கடையையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பின்னாலேயே தங்கள் வீடுகளையும் ஓட்டிக்கொண்டு தெற்குச் சீமையெங்கும் சுற்றிவந்தது. வீடு என்றால் ஏலத்தில் எடுத்த பழைய பஸ்கள்தான். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டு, டிரைவர் தலைக்கு மேலே சாமி படம் மாட்டி, கடைசி வரிசை இருந்த இடத்தில் கேஸ் அடுப்பும் பக்கத்தில் சிலிண்டரும் வைத்து, ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்டுக் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள், சண்டை போட்டார்கள், வண்டி ஓடும்போது பாத்திரம் உருளாமல் ஒரு காலை நீட்டி முட்டுக்கொடுத்தபடி சாம்பாருக்கு வெங்காயமும் உரித்தார்கள்.

அந்த பஸ்களில் ஒன்று ஒரு காலத்தில் கேஸ் கசிந்து எரிந்துபோனது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பஸ் நின்ற இடத்தில் வெறும் கம்பிக்கூடு நிற்பதைப் பார்த்த முதலாளி தனிஸ்லாஸ் அண்ணாச்சி, மதுரையிலிருந்து ஆள் கூட்டிவந்து எல்லா பஸ்ஸிலும் கேஸ் அலாரம் மாட்டினார். சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, முகமெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகள், ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னவர்களை மாட்ட வந்தவன் தடுத்து, கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்துதான் வரும், ஆகவே இது கணுக்கால் உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்றான். ஓட்டைகளை எதைக்கொண்டும் மூடாதீர்கள், அவ்வப்போது பொத்தானை அழுத்திக் கூவுகிறதா என்று பாருங்கள், ஐந்து வருஷம் ஆனால் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றும் சொன்னான். கூட்டம் பலமாகத் தலையாட்டியது. தலையாட்டுவதில் அந்தக் கூட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பெட்டிக்கு மூக்கன் என்று பெயர் வைத்தார்கள், மற்றதை மறந்துபோனார்கள்.

ஆயுத பூஜை வந்தது. உழைக்கிற எல்லாவற்றுக்கும் அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஜெனரேட்டருக்கு, ராட்டினத்தின் தொட்டில்களுக்கு, ஒலிபெருக்கியின் வாய்க்கு, அப்பளம் திருப்புகிற கம்பிக்கு, மரணக்கிணற்றின் மரச்சுவரில் இசக்கிதுரை சுற்றிச் சுற்றி ஓட்டுகிற பைக்குக்கு என்று வைத்துக்கொண்டே வந்த பெண்கள், ராப்பகலாக விழித்திருக்கிற மூக்கனை மட்டும் விட்டால் அது மனம் கோணாதா என்று குனிந்து உட்கார்ந்து, அதன் முகத்திலும் மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, சாம்பிராணியும் காட்டினார்கள். இசக்கிதுரையின் மனைவி சங்கரவடிவுக்கு எதிலும் தாராளக் கை. அவள் பூசிய சந்தனம் ஓர் ஓட்டை பாக்கியில்லாமல் இறங்கி, மறுநாளைக்குள் சுண்ணாம்பாக இறுகிவிட்டது.

அதற்கடுத்த நாள் அவள் வெளியே துணி அலசிக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்குள் மூக்கன் கூவியது. ஈரக்கையோடு ஓடிப்போய் சிலிண்டரை மூடி, விரிசல்விட்டிருந்த ரப்பர் குழாயைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்ட பிறகுதான் மூக்கனின் விளக்கு அணைந்திருப்பதையும், சத்தம் தரையில் விரித்த பாயிலிருந்து வருவதையும் கவனித்தாள். பாயில் கிடந்த அவளுடைய கைக்குழந்தை ஆவுடை, வாயைத் திறந்து, அதே குரலில், அதே இடைவெளி விட்டு, கீ, கீ, கீ என்று கூவிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. கேஸ் வெளியேறியதும் குழந்தை வாயை மூடிக்கொண்டது, பிறகு பாலுக்குத் தலையைத் திருப்பியது. சங்கரவடிவு பால் கொடுத்தாள், வேறென்ன செய்வாள்.

தனிஸ்லாஸ் அண்ணாச்சி டார்ச் அடித்துக் குழந்தையின் தொண்டையைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கவுண்டர் வரைக்கும் கேட்டது, நல்ல குரல் என்றார். பெண்கள் சிலர் மிளகாய் வற்றல் சுற்றிப்போட்டார்கள். சுற்றிப்போட்ட மிளகாயை எரிக்க அடுப்பைப் பற்றவைக்குமுன், எதற்கும் பிள்ளையை ஒருமுறை நம் வண்டித் தரையிலும் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று ஒருத்தி கேட்டாள், சங்கரவடிவும் கொடுத்தாள். உறைக்கு மோர் வாங்குவதுபோலத் தொடங்கிய பழக்கம்தான். காலையில் ஒவ்வொரு பஸ்ஸாக ஆவுடை போய்வந்தாள், தரையில் கொஞ்சநேரம் கிடந்தாள், அவள் பேசாமல் இருந்தால் அடுப்பு எரிந்தது. எல்லா வண்டியிலும் மூக்கன்கள் சந்தனத்தால் மூக்கடைத்துப் போயிருந்தன, ஆனால் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஒருத்தி கழற்றி அதில் சோப்பு வைத்தாள், ஒருத்தன் அதன் வயரை உருவிச் சீரியல் பல்பு கட்டினான். புதிதாகக் கூட்டத்தில் சேர வந்த குடும்பங்கள், தண்ணீர் எங்கே பிடிப்பது என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளை எங்கள் வண்டிக்கு எத்தனையாவதாக வரும் என்று கேட்டன.

பிள்ளை பொய்த்ததே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்பளக் கடை காஜா பாயின் வண்டியில், ஆள்கள் மத்தியான அசதியில் கிடக்கையில், நடை பழகிய வயதில் படியேறிப் போய் நின்று கூவி, ஒரு குடும்பத்தையே வெளியே இழுத்துப்போட்டாள். அன்றிலிருந்து காஜா பாய் முதல் அப்பளத்தை அவளுக்கென்று எடுத்துவைத்தார். அவள் அதைக் கடித்துக்கொண்டே சுற்றுவாள், ஆனால் அதன் வாசனை அவளுக்குத் தெரியாது. மீன் குழம்பும் பழைய சோறும் அந்த மூக்குக்கு ஒன்றுதான், கேஸைத் தவிர உலகத்தில் வேறெதையும் அது அறியவில்லை. அவள் அழுததும் இல்லை. விழுந்து முட்டி பெயர்ந்தால்கூட வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். தூக்கமும் கோழித் தூக்கம்தான், கண் மூடியிருக்கும், மூக்கு மட்டும் தரையோரமாக வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். கட்டிலில் போட்டால் தானாகவே இறங்கிவந்து தரையில் படுத்துக்கொள்வாள்.

ஓர் ஊரில் லைசென்ஸுக்காக ஒரு அதிகாரி வந்து, கேஸ் அலாரம் எங்கே என்று கேட்டார். அண்ணாச்சி ஆவுடையைக் கூப்பிட்டுக் காட்டினார். அதிகாரி பல இடங்களில் பலதையும் பார்த்தவர், குனிந்து அவள் தொண்டையைப் பார்த்தார், ஒரு லைட்டரைப் பற்றவைக்காமல் அவள் காலருகே அழுத்தி, அவள் கூவியதும் திருப்தியாக நிமிர்ந்தார். எப்போது தயாரித்தது என்று கேட்டதற்கு, ஒரு ஆவணி மாதத்தில் என்று அண்ணாச்சி சொன்னார். அதிகாரி அனுமதி கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அருகே நின்ற சங்கரவடிவிடம் சொன்ன வார்த்தைதான் அவள் சோற்றில் மண்ணைப் போட்டது.

"அஞ்சு வருஷம்தாம்மா இதுக்கு ஆயுசு. அதுக்கு மேல நம்பாதீங்க, மாத்திருங்க."

வருகிற ஆவணிக்கு ஆவுடைக்கு ஐந்து முடிகிறது. அதிகாரி போன சில வாரத்திலேயே அது தொடங்கியது. கேஸ் இல்லாத இடத்தில், சும்மா உட்கார்ந்திருக்கையில், குழந்தையின் தொண்டையிலிருந்து ஒரே ஒரு சின்னச் சத்தம், டிக் என்று, பல்லி சொல்வதுபோல வந்தது. சங்கரவடிவுக்கு அந்தச் சத்தம் தெரியும். கழற்றிப்போட்ட மூக்கன்களில் சில, கடைசியாகக் கண்ணை மூடுமுன் இப்படித்தான் டிக் டிக் என்றன, அப்புறம் பச்சை விளக்கு அணைந்தது, அப்புறம் சோப்பு வைக்கத்தான் லாயக்கு. பெட்டிக்கு அணைகிறதென்றால் விளக்கு அணைகிறது, பிள்ளைக்கு எது அணையும் என்று அவள் யாரைக் கேட்பாள். டிக் சத்தம் வந்த ஒவ்வொரு முறையும் குழந்தையின் உதடு லேசாக வெளுத்து, பிறகு நிறம் திரும்பியது. திரும்புவதற்குள் தாயின் உயிர் போய்வந்தது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் சங்கடமே. கவனமாகக் கேட்டு, உச்சுக்கொட்டி, அவள் தலையில் கைவைத்து ஆறுதலாகவே சொன்னார்.

"இதுக்குப் போயி மனச விடுவாங்களா வடிவு? இன்னொண்ணு பெத்துக்கிடு. மூத்தது ஓய்ஞ்சா இளையது கூவிட்டுப் போவுது."

சங்கரவடிவு திரும்பி வந்தாள், பிள்ளையை இழுத்து பஸ்ஸுக்குள் போட்டாள், கதவைச் சாத்தினாள். அன்று காலை பிள்ளைக்காகக் காத்திருந்தவர்கள் வந்து தட்டினார்கள். அவள் ஜன்னல் வழியாக, எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவை சொன்னாள்.

"எல்லா வண்டியிலயும் புது மூக்கன் மாட்டுங்க. அதுவரைக்கும் எம்பிள்ள இந்தப் படியவிட்டு எறங்க மாட்டா."

கூட்டத்தில் அடுப்பு நின்றது. முன்பு கேஸைப் பற்றி நினைக்காமல் தீக்குச்சி கிழித்தவர்கள்தான், ஆனால் இந்த ஐந்து வருஷத்தில் பிள்ளை வந்து படுத்துப் பார்க்காத வண்டியில் தீக்குச்சியைத் தொடாதவர்களாக ஆகியிருந்தார்கள். காபி இல்லை, வெந்நீர் இல்லை, அப்பளக் கடை எண்ணெய் ஆறிக் கிடந்தது, ஊருக்குள்ளிருந்து பரோட்டா வாங்கித் தின்று குழந்தைகளுக்கு வயிறு கெட்டது. நல்லது செய்கிற பிள்ளையைப் பூட்டிவைக்கிற தாய் உண்டா என்று ஜன்னலுக்குக் கீழே வந்து பேசினார்கள், உள்ளே அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே பேசினார்கள். நேற்றுவரை தலைவாரிவிட்டு ஒரே தட்டில் தின்றவர்கள்தான் அப்படிப் பேசினார்கள், அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. எவள் வண்டியாவது எரிந்தால் பாவம் உன்னைச் சேரும் என்று ஒருத்தி சொன்னபோது, சங்கரவடிவு குழந்தையின் வாயருகே காதை வைத்துக்கொண்டாள். டிக் சத்தம் நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது.

இசக்கிதுரையை அண்ணாச்சி கூப்பிட்டு, பெண்டாட்டியைச் சமாதானம் பண்ணச் சொன்னார். அவன் பேச்சுக்காரன் இல்லை. அந்தரத்தில் ஓட்டுகிறவன் பேசினால் விழுந்துவிடுவான் என்பது அவன் கட்சி. வந்து பஸ் படியில் உட்கார்ந்தான், உள்ளே போய் அவளைக் கேட்கவும் இல்லை, வெளியே நின்றவர்களை விரட்டவும் இல்லை. அன்றைக்கு ஆட்டத்தில் அவனுடைய பைக் சுவரில் ஒரு நொடி தத்தியது, பார்த்தவர்கள் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது காஜா பாய்தான். கடை மூடிக் கிடப்பதைவிட, முதல் அப்பளத்தை வாங்க ஆள் வராதது அவரை அதிகம் அறுத்திருக்க வேண்டும். அண்ணாச்சியின் முன்னால் போய் நின்று, புள்ளைய எரிச்சு நாம அடுப்பு எரிக்க வேண்டாம் அண்ணாச்சி என்றார், அவரைக் கையோடு மதுரைக்கு பஸ் ஏற்றினார். திரும்பி வரும்போது அட்டைப்பெட்டி நிறையப் புது மூக்கன்கள் வந்தன. கணுக்கால் உயரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், வண்டி வண்டியாக மாட்டினார்கள், பச்சை விளக்குகள் எரிந்தன. கூட்டத்துப் பெண்கள், புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் செய்கிற வழக்கப்படி, சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். கதவைச் சாத்திக்கொண்ட நாளிலிருந்து முதல்தடவையாகச் சங்கரவடிவு அதைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"பொட்டு வைக்கணும்னா பக்கத்துத் தகரத்துல வைங்க. இது மூஞ்சில கை வைக்கப்புடாது."

எல்லாம் சரி, ஆனால் ஆவுடை மோப்பத்தை நிறுத்தவில்லை. புது மூக்கன் தலைக்குப் பக்கத்திலேயே இருக்க, அவள் அப்படியே தரையில் படுத்து மோந்துகொண்டு கிடந்தாள், உதடு வெளுத்தது, டிக் என்றாள். பொத்தானை அழுத்தி மூக்கனைக் கூவவைத்துக் காட்டினார்கள். அவள் தலையைத் தூக்கி, காற்றை முகர்ந்து, கேஸ் இல்லை என்று கண்டு, சும்மா கத்துகிறான் என்பதுபோல மறுபடி படுத்துக்கொண்டாள். உண்மையாகக் கேஸ் வந்து, அவளுக்கு முன்னால் மூக்கன் கூவினால்தான் ஆவுடை வேலையை ஒப்படைப்பாள் என்பது சங்கரவடிவுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையே முந்திக் கூவிவிட்டால், இருக்கிற கொஞ்ச உயிரும் அந்தக் கூவலோடு போய்விடும் என்பதும் விளங்கியது. பிள்ளை கிடக்கிற வண்டிக்குள் கேஸைத் திறந்துவிடுவது எந்தத் தாயும் செய்யக்கூடாத காரியம், அதைத்தான் அவள் செய்தாக வேண்டியிருந்தது.

திருவிழாவுக்கு ஆள் வராத உச்சிப்பொழுதில் பஸ்ஸைத் தனியாக ஆற்றோரப் பொட்டலில் நிறுத்தி, ஜெனரேட்டரிலிருந்து மூக்கனுக்கு வயர் இழுத்துக் கொடுத்தார்கள். ஆவுடை தரையில் அரைத்தூக்கத்தில் கிடந்தாள். சங்கரவடிவு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூட்டம் தூரத்தில் வெயிலில் நின்றது, பீடியைப் பிடுங்கி மண்ணில் தேய்த்தார்கள், ஒரு பொறிகூட இருக்கக் கூடாது என்று அண்ணாச்சி ஓடி ஓடிச் சொன்னார். அவள் அடுப்பின் குமிழைப் பற்றவைக்காமல் திருகினாள். உஸ் என்று கேஸ் இறங்கியது. அது தரையில் படுத்து ஊர்ந்து போவதை அவளுக்குக் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது. ஆவுடையின் மூக்கு விடைத்தது. மூக்கன் சும்மா இருந்தது. ஆவுடை எழுந்து உட்கார்ந்தாள், வாய் திறந்தது, தொண்டைக்குள் சிவப்புப் பொட்டு அழுக்காக மினுங்கியது, குரல் வரவில்லை, டிக் என்றது, மறுபடி டிக் என்றது. உதடு வெளுத்து, இந்த முறை நிறம் திரும்பவில்லை. அப்போதுதான் சங்கரவடிவு மூக்கனைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரியவில்லை.

அண்ணாச்சிதான். பொறி பறந்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில் ஜெனரேட்டரையே நிறுத்திவிட்டார். கரண்டு இல்லாவிட்டால் மூக்கனும் செத்த மூக்கன்தான் என்பது, ஓடி ஓடிப் பத்திரம் சொன்ன அந்த மனுஷனுக்கோ, தலையாட்டிய மற்ற யாருக்குமோ தோன்றவில்லை. சங்கரவடிவு குமிழை மூடினாள், பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வெயிலில் ஓடினாள், ஜெனரேட்டர் பக்கம் ஓடிய ஒருவனை, போடாதே என்று தடுத்தாள், வண்டிக்குள் கேஸ் நிற்கும்போது போட்டால் எல்லாம் முடிந்தது. பிள்ளையின் முகத்தில் ஊதினாள், கன்னத்தைத் தட்டினாள். நீண்ட நேரம் கழித்து ஆவுடை கண்ணைத் திறந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இனி வேண்டாம் தங்கச்சி, இப்படியே விட்டுரு என்று காஜா பாய் சொன்னார். இப்படியே விட்டால் சாயங்காலம் தாங்காது என்பது தோளில் கிடந்த கனத்தில் அவளுக்குத் தெரிந்தது.

இசக்கிதுரை எழுந்து போனான். பைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்துவந்தான், பஸ்ஸின் எல்லா ஜன்னலையும் திறந்து, பாயால் தரையை விசிறி விசிறிக் கேஸைப் படிவழியே வெளியே தள்ளினான், லைட்டர் அளவுக்கு வாசம்கூட இல்லை என்று குப்புறப் படுத்து மோந்து பார்த்த பிறகு, பேட்டரியை வெளியே தள்ளி வைத்து நீள வயரை ஜன்னல் வழியாக மூக்கனுக்குக் கொடுத்தான். பச்சை விளக்கு மினுங்கியது. அது நிலைத்து எரியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தான். பிறகு மனைவியைப் பார்த்து, பல வருஷத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தை பேசினான்.

"நானும் உள்ள இருக்கேன்."

மூவரும் உள்ளே போனார்கள். பிள்ளையைத் தரையில் கிடத்தி, ஒருபக்கம் அவனும் ஒருபக்கம் அவளும் உட்கார்ந்தார்கள். குமிழைத் திருகினாள். உஸ் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆவுடையின் மூக்கு விடைத்தது, தலை தூக்க முயன்று, முடியாமல் விழுந்தது. வாய் மெல்லத் திறந்தது. சங்கரவடிவு அந்த வாயைப் பொத்திவிடலாமா என்று கையைக் கொண்டுபோனாள், இசக்கிதுரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். குழந்தையின் தொண்டை அசைந்தது.

கீ, கீ, கீ என்று கூவியது மூக்கன்.

தூரத்தில் நின்றவர்கள் யார் கூவியது என்று தெரியாமல் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். உள்ளே ஆவுடை அந்தச் சத்தத்தை உன்னிப்பாகக் கேட்டாள், காற்றை மோந்தாள், சரி என்பதுபோல வாயை மூடினாள். குமிழ் மூடப்பட்டது, கதவும் ஜன்னலும் திறந்தன, மூக்கன் இன்னும் வண்டி அதிரக் கத்திக்கொண்டிருந்தது, ஆவுடை அதற்கு நடுவிலேயே பக்கவாட்டில் புரண்டு, காலை மடக்கி, தூங்கிப்போனாள். இசக்கிதுரை அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். அவள் இறங்கி வரவில்லை. சாயங்கால ஆட்டம் தொடங்கியது, ராட்டினம் சுற்றியது, ஒலிபெருக்கி அலறியது, பக்கத்துப் பஸ்களில் பல நாள் கழித்துக் குக்கர் விசில் அடித்தது, அண்ணாச்சி இரண்டு தடவை வந்து, பிள்ளை மூச்சுவிடுகிறதா என்று கேட்டுவிட்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனார். பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாள். சங்கரவடிவு விரலை அவள் மூக்கருகே வைத்தபடி, டிக் சத்தம் வருமா என்று பயந்து, உடம்பெல்லாம் வேர்த்து, பக்கத்தில் படுத்துக் கிடந்தாள்.

வெகுநேரம் கழித்து ஆவுடை விழித்தாள். உதட்டில் நிறம் இருந்தது. தாயின் கழுத்துக்குள் முகம் புதைந்து கிடந்தவள் திடுக்கென்று விறைத்தாள், மூக்கு விடைத்தது, எழுந்து உட்கார்ந்து பயந்த கண்ணோடு தாயைப் பார்த்தாள்.

"யம்மா, இது என்ன கேஸு?"

சங்கரவடிவு பதறித் திரும்பி மூக்கனைப் பார்த்தாள். பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை மறுபடி அவள் கழுத்தை, வேர்வையில் நனைந்த ரவிக்கையை, முடியை மோந்து மோந்து, இதுதான், இதுதான் என்று கைகாட்டினாள். சங்கரவடிவுக்கு அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் அழுகை வந்தது.

"கேஸ் இல்லட்டி," என்றாள். "இது நான்."